செல்வராஜ் அண்ணனுக்கு ஒரு நிமிட மௌனம்

ராக் இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை உரிய நேரத்தில், உரிய ஆளிடம் ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. குடியாத்தத்தில் நான் வளர்ந்த தெருவில் காதைக் கிழிக்கும் இசை கேட்டால் ஒன்று கோயில் திருவிழா, இல்லையென்றால் யாரோ இறந்திருக்கிறார்கள். கிட்டாரை நேரில் பார்த்ததே பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான்.

ஸ்டெல்லா என்னோடு வேலை பார்த்தவள். அவள் குடும்பம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நாலு தலைமுறையாக இருக்கிறது. இரண்டு வருடம் காதலித்த பிறகு வீட்டில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு அவள் தேர்ந்தெடுத்த நாள்தான் வினை.

அவளுடைய அப்பா பிரான்சிஸ் அங்கிள் இளமையில் ‘நைன்த் கிராஸ்’ என்ற ஹார்டு ராக் பேண்டில் கிட்டார் வாசித்தவர். இரண்டு ஆல்பம் போட்டார்கள். இரண்டையும் சொந்தக்காரர்கள்கூட வாங்கவில்லை. பேண்ட் கலைந்தது, அங்கிள் தொழிற்சாலை வேலைக்குப் போய் ரிட்டயரும் ஆகிவிட்டார். இத்தனை காலம் கழித்து வெளிநாட்டில் ஒரு சின்ன கம்பெனி அந்த ஆல்பங்களைத் தேடிப்பிடித்து, புது இசைத்தட்டுகளாக மறுபடி வெளியிட்டிருந்தது. அதைக் கொண்டாட சர்ச் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கூட்டம்.

“அன்னிக்கு எல்லாரும் நல்ல மூட்ல இருப்பாங்க. கூட்டம் முடிஞ்சதும் சொல்லிடலாம்,” என்று ஸ்டெல்லா இரண்டு ஆல்பத்தையும் என் கையில் திணித்தாள். “கேட்டுட்டு வந்து டாடிகிட்ட நாலு வார்த்தை நல்லா பேசு. ஆனா எங்க வீட்ல மம்மி சொல்றதுதான் ஃபைனல்.”

“மம்மிக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்குமா?”

அவள் சிரித்தாள். “மொதல்ல கேளு. அப்புறம் ஒரு சர்ப்ரைஸ் இருக்கு.”

(சர்ப்ரைஸ் என்ற சொல் இப்போது எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது.)

தொம்மலூரில் என் அறைத்தோழனிடம் சூட்கேஸ் மாதிரி ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. அழகுக்காக வாங்கி, அதன் மேல் செடி வைத்திருந்தான். செடியை இறக்கிவிட்டுத் தட்டைப் போட்டேன். வந்தது பாருங்கள் ஒரு குரல்! அடித்தொண்டையிலிருந்து, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, உலகத்துச் சோகத்தையெல்லாம் ஒருவரே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி. டிரம்ஸில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நமக்குத்தான் பழக்கமில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். பொய் சொல்லவில்லை, ஏழாவது தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆல்பத்தின் உறைக்குள் மூன்று பேருடைய இப்போதைய படங்கள் இருந்தன. கிட்டார் வாசித்த அங்கிள், இன்னும் இரண்டு நரைத்த தலைகள். பாடியவர் ‘ஆர். செல்வராஜ்’ என்று போட்டிருந்த இடத்தில் மட்டும் ஆளைக் காணோம். வெறும் மைக் ஸ்டாண்டு நின்றது. ஆளில்லாத மைக் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? செல்வராஜ் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஸ்டெல்லாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துக்கத்தைக் கிளறக் கூடாது என்று என் நாகரிகம் தடுத்துவிட்டது.

ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். ஸ்டெல்லாவின் அம்மா ரீட்டா ஆன்ட்டி கட்லெட் தட்டோடு வந்து, “நீதான் ஸ்டெல்லா ஃப்ரெண்டா? நல்லா சாப்பிடு, காஞ்சு போயிருக்கே,” என்று இரண்டு வைத்தார். மூன்றாவதை நானே எடுத்துக்கொண்டேன். அதற்குள் அங்கிள் மைக்கில், “நம்ம பேண்டுக்கு ஒரு யங் ஃபேன் கெடைச்சிருக்கான். வா மேன், வந்து ரெண்டு வார்த்தை பேசு!” என்றார்.

போனேன். அங்கிளிடம் நாலு வார்த்தை பேசுவதுதான் ஏற்பாடு. மைக்கைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பட்டிமன்றப் பேச்சாளர் விழித்துக்கொண்டார்.

“செல்வராஜ் அண்ணன நான் பார்த்ததில்ல,” என்று ஆரம்பித்தேன். “ஆனா அந்தக் குரல்ல ஒரு ஆம்பளையோட மொத்த பாரமும் இருக்கு. சாராயமும் பீடியும் அறுத்துப்போட்ட தொண்டை அது. வாழ்க்கைல அடிபட்டவருக்குத்தான் அப்படி வரும்.”

கூட்டம் அசையவில்லை. நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“அண்ணன் இன்னிக்கு நம்மகூட இல்ல. எல்லாரும் எழுந்து நின்னு, அவருக்காக ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

சர்ச் ஹாலில் எழுந்து நில்லுங்கள் என்றால் ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நாற்பது பேரும் எழுந்தார்கள். ரீட்டா ஆன்ட்டி தட்டை நாற்காலியில் வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தலை குனிந்து நின்றார். பின்வரிசையில் ஸ்டெல்லா மட்டும் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள், பாவம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நொடிகூடக் குறைக்காமல் முழு நிமிடம் கொடுத்தேன்.

அங்கிள் போய் ரெக்கார்டைப் போட்டார். ஒரு பெண் குரல் பாய்ந்து வந்தது. கணீரென்று, ஜன்னல் கண்ணாடி அதிர, டிரம்ஸ் அவளைத் துரத்திக்கொண்டு ஓடியது.

“அங்கிள், ஸ்பீடு ஜாஸ்தியா ஓடுது,” என்றேன், உதவி செய்கிற குரலில். மைக்கில்.

“இல்ல மேன். இது நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து ஓடவேண்டிய ரெக்கார்டு. நீ முப்பத்து மூணுல போட்டியா?”

“ஸ்பீடுல ரெண்டு இருக்கா, அங்கிள்?”

ஹாலே குலுங்கியது. ரீட்டா ஆன்ட்டி மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

“‘ஆர்’னா ரீட்டா. செல்வராஜ் எங்கப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி எம்பேர் அதான். எனக்கு போட்டோ எடுத்துக்கப் பிடிக்காது, அதான் மைக்க போடச் சொன்னேன்.” இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “சாராயமும் பீடியுமா?”

என் காது சுட்டது. கல்யாணம், ஸ்டெல்லா, மூன்றாவது கட்லெட் எல்லாம் கண் முன்னால் கைநழுவிப் போயின. இனி மறைக்க என்ன இருக்கிறது? “மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. எனக்கு இந்த மியூசிக் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்கள இம்ப்ரஸ் பண்ணத்தான் கேட்டேன்.”

“எத்தன தடவ கேட்டே?”

“பதினொண்ணு. ஏழாவது தடவ அழுதுட்டேன்.”

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். “பிரான்சிஸ், நம்ம ரெக்கார்ட யாராச்சும் முழுசா ஒரு தடவ கேட்டிருக்காங்களா?”

“உங்கப்பா ரெண்டாவது பாட்டுல எழுந்து போய்ட்டாரு,” என்றார் அங்கிள்.

இதற்கு மேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று ஸ்டெல்லா நினைத்திருக்க வேண்டும். முன்னால் வந்து, “மம்மி, நான் இவனத்தான் கட்டிக்கப் போறேன்,” என்றாள்.

ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். “தப்பான ஸ்பீடுல ஓடினாகூட பதினோரு தடவ உக்காந்து கேட்டிருக்கான். கல்யாணத்துக்கு அதான்டி வேணும். கட்டிக்கோ.”

அப்பாடா! அன்று நான் விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த பேப்பர் நாப்கின்கள் பறந்தன. அப்படியே அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில்தான் கட்லெட் தட்டு இருந்தது.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. என் மாமியார் இப்போதும் எனக்கு போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை. அடித்தொண்டையில், முப்பத்து மூன்று சுற்று வேகத்தில், “செல்... வ... ராஜ்... பேசறேன்...” என்பார். ஆபீஸ் மீட்டிங்கோ, பி.எம்.டி.சி. பஸ்ஸோ, எங்கிருந்தாலும் நான் எழுந்து நிற்க வேண்டும். ஒரு நிமிடம் ஆன பிறகுதான் விஷயத்துக்கு வருவார்.