லவெண்டருக்குப் போட்ட பந்தல்

அரைகுறையாகப் படித்தவன் புத்தகம் சொன்னபடி செய்துவிட்டுப் போவான். நன்றாகப் படித்தவன்தான் அதற்கு மேலும் யோசிப்பான். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

வத்தேகமவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் இங்கிலீஷ் படித்த முதல் ஆள் நான். (இரண்டாவது ஆள் அப்போது தொட்டிலில் கிடந்தான்.) கண்டியில் படிப்பு முடிந்ததும் துரை பங்களாவின் பூந்தோட்டத்தைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. சில மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அப்பா அதற்குள் என் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டார்.

துரைசாணி, சீமையிலிருந்து வந்த லவெண்டர் செடிகளோடு ஒரு புத்தகமும் தந்தார். முழு வெயில், சுண்ணாம்பு கலந்த வறண்ட கல் மண், எரு வேண்டாம், தண்ணீர் கொஞ்சம் போதும் என்று அதில் தெளிவாக இருந்தது.

நான் யோசித்தேன். சீமை வெயில் என்பது நம்மூர் நிழல். அங்கே ஓயாத தூறல். ஆகவே அவர்களுடைய வறட்சி நமக்கு ஈரம். தேயிலை நாற்றுக்குப் போடுவதைப் போலவே தழைப் பந்தல் போட்டு, மாட்டெரு கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன்.

"புத்தகத்துல இப்படியா போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"அதை நம்மூருக்கு மாத்தியிருக்கேன்ப்பா."

"அடேங்கப்பா!" என்று லயம் முழுக்கச் சொல்லி வந்தார்.

இலைகள் கறுத்தன. வெயில் எங்கேயோ நுழைகிறது என்று முடிவு செய்து, பந்தலில் இன்னொரு அடுக்குத் தழை போட்டேன். அடுத்து மழையும் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் துரையும் துரைசாணியும் விருந்தாளிகளை அழைத்து வந்தார்கள். தழையை விலக்கினேன். நனைந்த தீக்குச்சிகளைப் போலச் சில தண்டுகள். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று காளான்.

"பிள்ளே, லவெண்டர் எங்கே?" என்றார் துரைசாணி, தமக்குத் தெரிந்த தமிழில்.

"வருதுங்க."

வேலை போய்விடுமே என்ற பயத்தில் என் வெயில் கணக்கை இங்கிலீஷில் விளக்கினேன். விருந்தாளிகள் சிரிப்பை அடக்கியதில் இருமினார்கள். துரை அடக்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளையிலிருந்து தேயிலை நாற்றுமேடைக்குப் போ. அங்கே இதையெல்லாம் தாராளமாகச் செய்யலாம்" என்றார்.

பங்களா வேலை அத்தோடு சரி. நாற்றுமேடையில் இன்றும் இருக்கிறேன், நாற்றுகள் செழிக்கின்றன.

"காளான் நல்லாத்தானே வந்துச்சு" என்றார் அப்பா. அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

போன தையில் எனக்குக் கல்யாணம். மணவறையில் உட்கார்ந்ததும் அத்தை கூட்டத்துக்குள்ளிருந்து சத்தம் போட்டாள்: "ஐயரே, சீக்கிரம் தாலியக் கட்டச் சொல்லுங்க! பந்தலுக்கு அடியில ரொம்ப நேரம் வச்சிருந்தா மாப்பிள்ள அழுகிருவாரு!"

மணப்பெண் தலையைக் குனிந்தபடியே சிரித்தாள். இப்போது நான் நிழலில் கொஞ்சம் சாய்ந்தாலும் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "வெயிலுக்கு வாங்க, காளான் பூத்திரும்!"