வராத நாற்பத்தொரு பேர்

நெருப்புக்கும் வண்டிச் சில்லுக்கும் பிறகு மனித குலம் கண்ட மாபெரும் முன்னேற்றம், சென்ற மாசி மாதம் திருகோணமலை உட்துறைமுக வீதியில், குளிரூட்டிய மண்டபமொன்றில் நிகழ்ந்தது. ‘ஆராய்ச்சிக் குழுவில் இனிமையாகப் பேசுதல்’ என்ற மூன்று நாள் பயிற்சி. பயிலுநர் ஒரேயொருவர். அந்த ஒருவருக்காகப் பதாகை, தேநீர், மீன் பட்டிஸ். எல்லாம் ஒரு களிம்புக் கம்பனியின் ‘அன்பளிப்பு’.

அந்த ஒருவர் மூதூர் அம்ரா. உயிர்ப்புள்ளிவிபரவியலாளர், அதாவது, நோயாளர் விபரங்களைக் கூட்டிக் கழித்து, மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று சொல்கிறவள். இப்படியான ஆட்களுக்குப் பேசத் தெரியாது என்பது உலகறிந்த விடயம்.

அவள் செய்த குற்றமும் பாரதூரமானது. சலரோகக் (நீரிழிவு) கால்புண்ணுக்கான அந்தக் கம்பனியின் புதுக் களிம்பை நூற்றிருபது பேருக்குப் பூசிப் பார்த்ததில், நாற்பத்தொரு பேர் கிளினிக்குக்குத் திரும்பி வரவேயில்லை. குழுத் தலைவர் டொக்டர் நிருபன் அவர்களைச் ‘சுகமானவர்கள்’ பத்தியில் சேர்த்தார்.

“சுகம் வந்தவன் ஏன் மினக்கெட்டு வரப்போறான்?”

ஆழ்ந்த விஞ்ஞானம். இந்த முறையில் பார்த்தால் மூதூர் மையவாடியில் அடக்கப்பட்டுக் கிடப்பவர்கள் எல்லோரும் பூரண சுகம் என்று அம்ராவுக்குத் தோன்றியது. அவர்களிலும் ஒருவர்கூடக் கிளினிக்குக்கு வருவதில்லை.

அவள் நாற்பத்தொரு பேருக்கும் போன் எடுத்தாள். பதினான்கு பேருக்குக் காலை வெட்டி எடுத்தாகிவிட்டது. மீன்பிடிக்கிற றம்ஸான் காக்கா நிதானமாகக் கேட்டார்: “ஒத்தக் காலோட எப்படி மகள் பஸ்ஸில ஏறுற?”

அடுத்த மாதம் முதலாந் திகதி களிம்பு மாவட்டம் முழுக்கப் போகவிருந்தது. கூட்டத்தில் எழுந்து, “சேர், இது பிழை” என்றாள் அம்ரா. கூட்ட அறிக்கை அதை இப்படிப் பதிந்தது: ‘தொடர்பாடல் இடைவெளி அவதானிக்கப்பட்டது. பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.’

பயிற்றுநர் கஜந்தி கொழும்பிலிருந்து வந்திருந்தார்.

“‘பிழை’ எண்டு சொல்லாதீங்கோ மிஸ். ‘இன்னும் அழகாக்கலாம்’ எண்டு சொல்லுங்கோ.”

“கால் போனத எப்படி மிஸ் அழகாக்குற?”

“சிரிச்சுக்கொண்டு. பிறகு, ‘கால் அகற்றல்’ எண்டு போடாதீங்கோ. ‘பாரம் குறைஞ்சவை’ எண்டால் ஒருத்தருக்கும் மனம் நோகாது.”

அந்தச் சொல்லை மட்டும் அம்ரா எழுதிக்கொள்ளவில்லை. மற்றதையெல்லாம் உண்மையாகவே படித்தாள். குறை தன் வாயில்தான் போலும், நன்றாகச் சொன்னால் கேட்பார்கள் என்று கண்ணாடிக்கு முன்னால் சிரித்துப் பழகினாள்.

நான்காம் நாள் கூட்டத்தில் முதலில் றம்ஸான் காக்காவின் கதையைச் சொன்னாள். திரையில் நாற்பத்தொரு பாதங்களை வரைந்து, அதில் பதினான்கைச் சிவப்பாக்கிக் காட்டினாள். எல்லோருடைய கண்ணையும் பார்த்தாள். “இந்தக் களிம்பக் குடுக்கிறத நிப்பாட்டினா நம்மட வேல இன்னும் அழகாகும் சேர்” என்று புன்னகையோடு முடித்தாள்.

கைதட்டல் ஓய வெகுநேரமானது. கஜந்தி பத்துக்குப் பத்துப் போட்டார். டொக்டர் நிருபன் கண்கலங்கியபடி இரண்டு தாள்களில் கையொப்பமிட்டார். ஒன்று அம்ராவின் சான்றிதழ். மற்றது களிம்பை மாவட்டம் முழுக்க அனுப்பும் கடிதம்.

அம்ரா கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சேர், நான் சொன்னது விளங்கல்லயா? திரும்பச் சொல்லட்டா?”

டொக்டர் சான்றிதழைக் கையில் கொடுத்து, பரிவோடு சொன்னார்.

“நீங்கள் ‘பிழை’ எண்ட அண்டைக்கே நல்லா விளங்கினது மிஸ். விளங்காட்டி உங்களை ஏன் பயிற்சிக்கு அனுப்பப்போறம்?”