விலைபோகாதவர்கள்

எதற்கும் விலைபோகாத மனிதர்கள் உலகில் சிலர் உண்டு. அவர்களை வாங்க யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம். இவர்களில் நாம் இங்கே கவனிக்கப்போவது ஒரு தனி இனம்: பள்ளிக்கூடத்துப் பழைய சிநேகிதர்களைத் திரட்டி ராக் இசைக்குழு தொடங்குகிற இனம். நாற்பது வயதுக்கு மேல்தான் தென்படும். நெற்றி பின்வாங்கியிருக்கும்; அதை ஈடுகட்டப் பிடரியில் முடி நீண்டிருக்கும். தோல் சட்டை ஒன்று வைத்திருக்கும், பொத்தான் எட்டாது. நீங்கள் கேட்கவே வேண்டாம், "நாங்க எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்பட்டவங்க இல்ல" என்று அதுவாகவே சொல்லும். கம்பெனிகளுக்கும் இதில் வருத்தமில்லை.

தண்டர் பே நகரத்தில் இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி ரோரி மெக்கலம். பகலில் தரைவிரிப்புக் கடை மேலாளர். மற்ற நேரங்களில் கிதார் கலைஞர், பாடகர், ஸ்தாபகர். பாஸ் கிதாருக்கு நீல் சவ்ச்சக். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவர் சொல்வதை ஒப்புக்கொள்வார். டிரம்ஸ் வாசிப்பவர் டேரில் கொஸ்கி. நகரசபையின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறார். குளிர்காலம் முழுக்க ஊரே அவர் விலக்கிய பாதையில்தான் போகிறது, வருகிறது. வண்டிக்குள் இருப்பது யார் என்று யாரும் பார்த்ததில்லை. அது டேரிலுக்குப் பழக்கமாகிவிட்ட ஒன்று. குழுவிலும் அவர் இடம் பின்னால்தான்.

குழுவுக்குப் பதினொரு வயது. இதற்குள் ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பனியன் அச்சடித்தாகிவிட்டது. ஒரு கச்சேரியும் நடக்கவில்லை. பழைய பெயர்களில் இரண்டை டேரிலின் மனைவி லின் சமையலறைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். பொது வாழ்வில் அந்தக் குழு ஆற்றிய சேவை இதுவரை அவ்வளவே.

செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு டேரில் வீட்டு அடித்தளத்தில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் மூஸ் மான் இறைச்சி வைத்திருக்கும் பெரிய குளிர்பெட்டிக்கும் நடுவில், பயிற்சி. முதல் அரைமணி காப்பிக்கும் இளஞ்சிவப்புப் பாகு பூசிய பெர்சியன் பன்னுக்கும் உரியது. அடுத்த அரைமணி, வானொலியில் பாட்டுப் போட்டுப் புகழடைந்தவர்கள் எப்படித் தங்கள் ஆத்மாவைத் தொலைத்தார்கள் என்று ரோரி விளக்குவதற்கு. பிறகு வாசிப்பார்கள். இரண்டு நிமிடம் போகும். டேரிலின் மணிக்கட்டு அப்போதுதான் இளகி, குச்சி தானாகத் துள்ளத் தொடங்கியிருக்கும். ரோரியின் வலது கை மேலே எழும்.

"நிறுத்துங்கடா. சவுண்டு சரியில்ல."

சவுண்டு என்றைக்குச் சரியாக இருந்தது? குழுவிடம் நான்கு சொந்தப் பாடல்கள் இருந்தன. நான்குக்கும் நல்ல ஆரம்பம் உண்டு. முடிவு எப்படி இருக்கும் என்பது அவற்றை எழுதியவருக்கே தெரியாது.

லின் இத்தனை வருடமும் அதையெல்லாம் மாடிப்படிக்கு மேலிருந்து, தரைப்பலகை வழியாகக் கேட்டவள். ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, குற்றம் சொல்லாமல், சும்மா கேட்டாள்:

"டேரில், அந்தப் பாட்டு கடைசியில என்னதான் ஆகும்?"

அன்றிலிருந்து டேரிலுக்கு ஒரே ஆசை. எதிரே ஒரு நாற்காலியில் லின் உட்கார்ந்திருக்க, ஒரு பாட்டை, ஒரே ஒரு பாட்டை, கடைசிவரை வாசித்துவிட வேண்டும். வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி ஆசையா இது? பனி வாரும்போது வண்டியின் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிப் பார்த்துக்கொள்வதோடு சரி.

பிப்ரவரி மாதம் டோரீன் மாக்கெலா டேரிலைத் தொலைபேசியில் அழைத்தார். பனித்தளத்தில் கல்லைத் தள்ளி, அது வழுக்கிப்போகத் துடைப்பத்தால் முன்னே தேய்த்து ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கான கிளப்பை நடத்துகிறவர். அதற்கு முன் முப்பது வருடம் இவர்கள் படித்த பள்ளியில் அலுவலகச் செயலாளர். தாமதமாக வந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவர். சனிக்கிழமை போட்டி முடிந்து ஐந்தரைக்குச் சாப்பாடு, ஆறிலிருந்து ஏழு வரை பாட்டு வேண்டும், கூலியாக உங்களுக்கும் அந்தச் சாப்பாடு என்றார். டேரில் யோசிக்காமல் சரி சொல்லிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பயந்தார். பதினோராம் வகுப்பில், வகுப்பு முடிந்தும் தண்டனைக்கு உட்கார்த்திவைத்த ஒரு மாலையில், மூவரும் கையெழுத்திட்ட விதி ஒன்று இருந்தது: மூன்று பேரும் சம்மதிக்காமல் எதுவும் கிடையாது.

"விலைபோறதுன்னா இப்படித்தான்டா ஆரம்பிக்கும்" என்றார் ரோரி. "இன்னைக்கு வறுத்த மாட்டிறைச்சி, ஒரு தட்டு உருளைக்கிழங்கு. நாளைக்கு?"

"சனிக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை" என்றார் நீல்.

"நீ சும்மா இரு. கல்லுத் தள்ளுறவங்களுக்கு நம்ம இசை புரியுமா?"

"நமக்குப் புரியுதா?" என்றார் டேரில். அவர் அவ்வளவு பேசுவது அபூர்வம். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ரோரியின் கைபேசி அடித்தது. டோரீன்.

"என்னப்பா ரோரி, வர்றியா இல்லையா? உன் பேர் இன்னும் என் லேட்டு லிஸ்ட்லதான் இருக்கு."

ரோரி எழுந்து நின்றுகொண்டு பேசினார். "வர்றோம், மேடம்." பிறகு நண்பர்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. சவுண்டு சரியா இருந்தாத்தான் தொடங்குவோம்."

சனிக்கிழமை ஆறு மணிக்கு எல்லாம் தயார். கூடத்தில் எண்பது பேர், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் காலியான பனித்தளம், நான்காவது மேசையில் லின், நல்ல ஸ்வெட்டரில். ரோரி கிதாரைத் தாங்கியில் சாத்திவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, கூடத்தின் கோடிக்குப் போய்க் காதைச் சாய்த்தார்.

"கால் டிரம் மட்டும்."

டேரில் மிதித்தார். தும். தும். முன்மேசையில் ஒருவர் கரண்டியால் தட்டில் பதில் சொன்னார்.

"பத்தல. இன்னும். இப்ப ஸ்நேர் டிரம். இப்ப ரெண்டும் சேத்து. நீல், நீ கொஞ்சம் கம்மியா."

இப்படியே அரைமணி. ரோரி சுவரோரம் நடந்தார், சமையலறை வாசலில் நின்றார், கோட்டுகள் தொங்கும் இடத்தில் புகுந்து வெளியே வந்தார். எங்குமே சரியில்லை. ஆறே முக்காலுக்கு, "ரெண்டாவது பாட்ட எடுங்க, நான் இல்லாம, பாப்போம்" என்றார். இரண்டு நிமிடம் போயிற்று. கூடத்தின் கோடியில், எண்பது தலைகளுக்கு மேல், அந்தக் கை எழுந்தது.

டேரில் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நான்காவது மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீல் ஒரு கணம் தடுமாறினார். யார் அருகில் இருக்கிறார் என்று பார்த்தார். டேரில்தான் இருந்தார். தொடர்ந்தார்.

பாட்டு அதுவரை போகாத இடத்துக்குப் போயிற்று. காலையிலிருந்து பனித்தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்துத் தோள் இறுகிப்போயிருந்த டிரைடன் ஊர் அணிப் பெண்கள் இருவர் எழுந்து ஆடினார்கள். இன்னும் சிலர் எழுந்தார்கள். ரோரி இரண்டு கையையும் தூக்கினார். அவரும் ஆடுகிறார் என்று எண்ணி ஒரு பெரியவர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முடிவு எழுதப்படாத பாட்டு அது. ஆகவே டேரில் அங்கேயே ஒன்று செய்தார்: மெதுவாகக் குறைத்து, குறைத்து, கால் டிரம்மின் ஒற்றை அடிக்குக் கொண்டுவந்து, நிறுத்தினார். லின் கையிலிருந்த முள்கரண்டி அப்போதுதான் தட்டுக்குத் திரும்பியது.

கூடம் கைதட்டியது. மணி ஆறு ஐம்பத்தெட்டு. ரோரி ஓடிவந்து கிதாரை மாட்டி, ஒலிவாங்கியைப் பிடித்தார். "இது நிகழ்ச்சி இல்லைங்க. நாங்க இப்பத்தான் சரிபார்த்துக்கிட்டு—"

டோரீன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "நல்லா வாசிச்சீங்க, தம்பிகளா. எல்லாரும் சீட்டைக் கையில எடுத்துக்கோங்க. ஏழு மணி. இறைச்சிக் குலுக்கல்." சீட்டு விழுந்தவருக்கு இறைச்சி பரிசாகக் கொடுக்கும் அந்தக் குலுக்கலைத் தண்டர் பேயில் தள்ளிப்போட்ட சக்தி எதுவும் இதுவரை பிறக்கவில்லை.

திரும்பும்போது டேரிலின் வேனில், மூவர் உட்காரும் முன்சீட்டில், நீலுக்கு அடுத்து ரோரி இருந்தார். மடியில் கிதார், அதன்மேல் அவருக்குக் குலுக்கலில் விழுந்த பன்றித்தொடை. கொஞ்ச தூரம் போனதும் முகம் தெளிந்தது.

"நல்லவேளைடா. நாம இன்னும் நிகழ்ச்சியே தொடங்கல. யாரும் நம்மள விலைக்கு வாங்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது."

"முடியாதுதான்" என்றார் பக்கத்தில் இருந்த நீல்.

டேரில் வண்டியை ஓட்டினார். பின்சீட்டிலிருந்து லின் எட்டி அவர் தோளைத் தொட்டாள்.

"ஓ, அப்படித்தான் முடியுதா அது" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரோரி எட்டாவது பெயரோடு வந்தார்.

நீங்கள் சிரித்திருக்கலாம். உங்களுக்கு கிதார் தெரியாது, தோல் சட்டையும் இல்லை. ஆனால் பழைய நண்பர்களோடு ஏதோ ஒன்றைத் தொடங்கியிருப்பீர்கள், இல்லையா? ஒரு சிற்றிதழ், ஒரு நாடகம், ஒரு நூலகம். எல்லாம் சரியாக அமையட்டும் என்று கையைத் தூக்கியபடி நின்றிருப்பீர்கள். கை வலிக்கும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மடியில் குச்சிகளை வைத்துக்கொண்டு பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கக்கூடும்.