கம்போவுக்கு ஒரு காவலர்

எங்கள் லூசியானாவில் முதலைக்குப் பயப்படாதவர்கள்கூட ஒரு ஜீவராசியைக் கண்டால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதற்குக் கம்போ காவலர் என்று பெயர். ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் ஊரில் ஓவீட் சோன்யே.

நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. கோழிக் கம்போ, அதாவது எங்கள் ஊர்க் கெட்டிக் குழம்பு, கொதிக்கும் வாசனை தெருவைத் தாண்டியதும் வந்துவிடுவார். குசலம் விசாரிக்க மாட்டார், தொப்பியைக் கழற்ற மாட்டார், நேராகப் போய் உங்கள் சட்டி மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, ஒரு கரண்டி எடுத்து ஊதி, கண்ணை மூடிக் குடித்து, செத்தவருக்கு மௌன அஞ்சலி செலுத்துகிற மாதிரி நின்று, கடைசியில் வாயைத் திறப்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கம்போ இல்லை." உள்ளே ஒரு துண்டு தக்காளி கிடந்ததோ, தொலைந்தீர்கள். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் தக்காளி போடுகிறார்கள் என்பதற்காகவே அந்தப் பக்கம் நாற்பது வருஷமாக அவர் கால் வைத்ததில்லை. சரி, அவர் சமைத்து யாராவது சாப்பிட்டிருக்கிறார்களா? அதை மட்டும் கேட்கக் கூடாது.

போன வருஷம் மார்டி கிரா திருவிழா அன்று ஊருக்கே சமைக்கும் அண்டா எர்னஸ்டீன் கைக்கு வந்தது. முகமூடிக்காரர்கள் குதிரையேறி வீடு வீடாக ஆடிப் பாடிவிட்டுத் திரும்பும்போது கம்போ தயாராக இருக்க வேண்டும். எர்னஸ்டீன் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்தும் 'நகரத்துக்காரி' என்ற பெயர் போகவில்லை. இந்த ஒரு அண்டா நன்றாக அமைந்தால் போய்விடும் என்று நம்பினாள், பாவம்.

மாவும் எண்ணெயும் சாக்லெட் நிறத்துக்கு வரும்வரை ஒரு மணி நேரம் கை எடுக்காமல் கிளற வேண்டும். அதுதான் ரூ, கம்போவுக்கு உயிரே அதுதான். முக்கால் மணி நேரம் ஆனபோது ஓவீட் வந்தார்.

"ஏம்மா, துடுப்பை இப்படியா பிடிப்பாங்க? குடு இங்க."

"வேணாம் அண்ணே, இப்ப கை மாத்தினா கெட்டுடும்."

"எனக்கேவா சொல்ற? எங்க தாத்தாவுக்குத் தாத்தாவைக் கனடாவுல இருந்து இங்கிலீஷ்காரன் துரத்தினப்போ..."

துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். தாத்தாக்கள் கப்பலேறினார்கள், துடுப்பும் சுற்றியது. கப்பல் புயலில் மாட்டியது. அலையின் உயரத்தைக் காட்ட ஓவீட் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். அலை இறங்குவதற்குள் தீய்ந்த வாடை வந்துவிட்டது.

"அய்யோ அண்ணே!" எர்னஸ்டீன் அழுதேவிட்டாள். ரூவில் கறுப்புப் புள்ளி மிதந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். தூரத்தில் குதிரைச் சத்தம் கேட்டது. எண்பது பேர், அத்தனை பேரும் பசியோடு.

"தீ ஜாஸ்தி வெச்சிட்டா," என்றார் ஓவீட்.

அவர் மனைவி எல்டா வீட்டுக்குப் போய்க் கூடையோடு வந்தாள். உள்ளே கடையில் விற்கும் ரெடிமேட் ரூ, ஆறு பாட்டில்.

"என்னங்க முழிக்கிறீங்க? மாசாமாசம் வாங்கிட்டு வர்றதே நீங்கதானே?"

ஓவீட் வானத்தில் மேகம் பார்த்தார். ஆறு பாட்டில் எண்பது பேருக்குப் போதாது. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள், கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு திரும்பினார்கள். இரண்டு பாட்டில் என்னுடையது. வந்தவர்கள் கிண்ணத்தை வழித்து நக்கினார்கள். ஓவீட் மூன்று கிண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அடுத்த வருஷம் அண்டா யாருக்கு? ஓவீட் எழுந்தார். "கடை ரூ போட்டவ கையில ஊர் அண்டாவைக் குடுக்கலாமா? நம்ம பாரம்பரியம் என்னாவுறது?"

எர்னஸ்டீன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குடுக்கக் கூடாது என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். எல்டாவையும் எர்னஸ்டீனையும் தவிர எல்லோரும் தூக்கினோம். ஆமாம், நானும்தான். முதலில் எழும்பியது என் கைதான் என்று எல்டா இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன் எழுந்துபோய் உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து, கடைப் பொடி பாக்கெட் ஒன்றுகூட இல்லை என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.