விதைப்பூண்டோடு தொங்கிய மைக்கு

எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கங்க. அஞ்சாம் வகுப்போட நின்னவ நான். மறதியும் அதிகம். நாலு பேர் முன்னால பேசச் சொன்னா முந்தானையைப் பிசையத்தான் தெரியும். அப்படிப்பட்டவ ஒருநாள் ஊருக்கே ஸ்பீக்கர்ல பேசினேன். என்ன பேசினேன்னு நினைச்சா இப்பவும் காது சூடாகுது.

எங்க ஊர் பூம்பாறைக்குப் பக்கம். செல்போன் டவர் இன்னும் எங்க மலைக்கு ஏறாத சமயம். (ரெண்டாயிரம் பிறந்து மூணு நாலு வருசம் இருக்கும்.) என் மகன் செல்வம் புதுசா மைக் செட் தொழில் ஆரம்பிச்சிருந்தான். அதுவரைக்கும் மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடைக்கானல்ல இருந்துதான் செட் வரும். அந்த வருசம் கோயில் தலைவர் கருப்பையா செல்வத்துக்குக் குடுத்தார். அவன்கிட்ட இருந்த வயர் இல்லாத மைக்குதான் காரணம். அதைக் கையில பிடிச்சுச் சப்பரத்தோட நடந்துகிட்டே பேசணும்னு தலைவருக்கு ஆசை. "இது மட்டும் சொதப்புச்சு, அடுத்த வருசம் பழையபடி கொடைக்கானல் செட்டுதான் தம்பி"ன்னும் சொல்லிட்டார்.

திருவிழா அன்னிக்கு வெள்ளனே செல்வம் மைக்கை முன்னறைக் கட்டில்ல வச்சான். "ஈரம் பட்டா கெட்டுப்போகும், பாத்துக்கங்கம்மா"ன்னு சொல்லிட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போனான். கோயில் எங்க வீட்டுக்கு நேர் பின்னாலதான்.

ஒன்பது மணிக்கு மைக்கை எடுக்க ஓடி வந்தான். கட்டில்ல மைக்கு இல்ல!

நான், செல்வம், மருமக ராணி எல்லாரும் தேடினோம். பூண்டு எடுத்த நேரம், வீடு பூரா பூண்டு மூட்டைதான். "வயர்ப் பெட்டியில போட்டுட்டேனோ"ன்னு செல்வம் திரும்பக் கோயிலுக்கு ஓடினான். முகம் செத்துப்போச்சு பிள்ளைக்கு. நான் அடுப்பை ஊதிக்கிட்டே பொலம்ப ஆரம்பிச்சேன்.

"எல்லாம் இந்த ராணி பெருக்கின லட்சணம். அந்தக் கருப்பையாவுக்கு என்ன, மீசைதான் முழ நீளம், ஒருத்தருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பானா?"

வெளியே யாரோ அதையே சொன்னாங்க. "…ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பானா?"

எனக்கு ஆத்திரம். "எவடி அவ, என் குரல்ல பேசுறவ?"ன்னேன். "எவடி அவ"ன்னு குழாயும் கேட்டுச்சு.

மருமக ராணி வாசல்ல இருந்து பாய்ஞ்சு வந்தா. "அத்தே, வாயை மூடுங்க! ஊரே கேக்குது! என்னைத் திட்டினதையும் சேத்து!"

(பூமி பிளந்தா அப்படியே உள்ளே போயிருப்பேன். அடுப்படித் தரை கெட்டி, பிளக்கல.)

கோயில்ல இருந்து வயர் மைக்குல தலைவர் குரல் வந்துச்சு. "மதினி, டீக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சு. மைக்கு உங்க வீட்டுலதான் கெடக்கு. பேட்டரி தீர்றதுக்குள்ள வெரசாத் தேடிக் குடுங்க."

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. மிஷின் படிச்ச செல்வத்துக்குத் தோணல, எனக்குத் தோணிச்சு! மைக்கு எங்களைக் கேக்குதுன்னா, பக்கத்துல போகப் போக நல்லாக் கேக்கணும் இல்ல? டம்ளரையும் கரண்டியையும் எடுத்தேன். முன்னறையில தட்டினேன். டிங்.

"கொறைச்சல், மதினி!" தலைவர்.

பூண்டு மூட்டைகிட்டத் தட்டினேன். "இன்னும் கொறைச்சல்!" இப்ப தலைவரோட ஊர்ச்சனமும் சேர்ந்து கத்துது.

அடுப்படிக்கு வந்தேன். டிங். "கூடுது, கூடுது!"

ராணி அடுப்புக்கு மேல பரணைக் காட்டினா. ஏணியில ஒரு படி ஏறித் தட்டினேன். குழாய் அலறின அலறல்ல கோயில் மரத்துக் காக்கா எல்லாம் பறந்துச்சாம். நிமிர்ந்து பாத்தேன். பரண் கம்புல விதைப்பூண்டுக் கொத்து வரிசையாத் தொங்குது. நடுவுல ஒரு கொத்து மட்டும் கறுப்பு.

யார் கட்டினது? நான்தான்!

காலையில பனிமூட்டம் வாசல் வழியா உள்ளே வந்துச்சு. ஈரம் படக்கூடாதுன்னானே பிள்ளை. ஈரம் ஆகாத பொருளை எங்க வைப்போம்? விதைப்பூண்டு மாதிரி அடுப்புப் புகையிலதான். முந்தானையால நல்லாத் துடைச்சு (சுவிச்சு அப்பதான் ஆன் ஆகியிருக்கணும்; செல்வம் திரும்பப் போய்ச் செட்டைப் போட்டப்புறம்தான் குழாய் பேசியிருக்கு) சணல்ல கட்டி, மத்தக் கொத்துகளோட கொத்தாத் தொங்கவிட்டிருக்கேன். கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு, மனசுல நிக்கல.

மைக்கை அவுத்தேன். ராணி பேரை ஊரறியக் கெடுத்தது நான்தானே. வாய்கிட்டப் பிடிச்சு, "கெடைச்சிருச்சு. எடுத்து வச்சது நான்தான். ராணி மேல தப்பில்ல"ன்னேன். கோயில்ல குலவை போட்டாங்க. சாமிக்குப் போடுற குலவை, எனக்கு!

செல்வம் பேட்டரியை மாத்தினான், சப்பரம் கிளம்புச்சு. தலைவர் மைக்கை வாய்கிட்ட வச்சதும், "என்ன செல்வம், ரசம் வாசம் அடிக்குது?"ன்னு கேட்டார். அதுவும் ஊருக்கே கேட்டுச்சு. அடுத்த வருசமும் செல்வம் செட்டுதான்.

இன்னிக்கும் வீட்டுல சாவி காணாட்டி, மூக்குக்கண்ணாடி காணாட்டி, ராணி என் கையில டம்ளரையும் கரண்டியையும் குடுத்துருவா. "தட்டுங்க அத்தே, ஊரு சொல்லும்."

சப்பரம் கிளம்பினது பத்தா பத்தரையா, ஏணியில ஏறினது ஒரு படியா ரெண்டான்னு எனக்கு நிச்சயமில்ல. யாராச்சும் ராணிகிட்டக் கேட்டுச் சரி பண்ணுங்க. டம்ளர் யோசனை யாரோடதுன்னு மட்டும் அவகிட்டக் கேக்காதீங்க, தன்னோடதும்பா. அது என்னோடது.