பாதி விலைக்குச் சேவல்

சேவல் கூவியது.

பெருமாநல்லூர்ச் சாலையில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில் உயிருள்ள சேவல் ஒன்றுகூடக் கிடையாது. கூவியவை எல்லாம் கைபேசிகள். ‘சேவல் காயின்’ என்ற டிஜிட்டல் நாணயத்தின் விலை ஏறும்போதெல்லாம் அதன் செயலி தானாகவே கூவும். சட்டைப் பைகளிலிருந்தும் கைப்பைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கொக்கரக்கோ எழும்ப, மண்டபமே கைதட்டியது. சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முருகனின் கொடியில் இருக்கிற சேவலாயிற்றே! அந்த முருகன் காயின் கம்பெனிக்குத் துபாயில் ஆபீஸ் போட்டிருக்கிறான் என்பதிலும் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்கக் கழுத்தொடிய பனியன் தைக்கிற ஊர், அன்று குளித்து முழுகி, வெள்ளை உடுத்தி, இலவசக் கேசரியைத் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் சம்பாதிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வந்திருந்தது. வாசல் பேனரில் ‘உழைத்தது போதும்’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே ஒரு வெளிநாட்டுக் கார். அது யாருடைய கார் என்று பேனரில் போடவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

முன்வரிசையில் சிவப்பு நாடா கட்டிய நாற்காலிகள் ‘லீடர்’களுக்கு. அதில் ஒன்றில் மதுமதி உட்கார்ந்திருந்தாள்.

மதுமதி ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. சரக்கு நேரத்துக்குப் போனால் முதலாளி கெட்டிக்காரர். தாமதமானால் மதுமதி எங்கே? பத்து வருடத்தில் அவள் பெயரை யாரும் மெச்சிச் சொல்லிக் கேட்டதில்லை. இங்கேதான் முதல் கூட்டத்திலேயே மைக்கில் “சிஸ்டர் மதுமதி, மேல வாங்க” என்றார்கள். ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். மட்டமான பாலியஸ்டர் என்று விரல் சொன்னது. இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்து வைத்தாள். தனக்கு ஆசை பணத்தின் மேல்தானா என்று பிறகு சில தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். பணம்தான் என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

முதல் மாதம் கொஞ்சம்போலப் போட்டுப் பார்த்தாள். கேட்டதும் லாபத்தோடு திரும்பி வந்தது. அதுதான் சாம்பிள்.

சாம்பிள் என்றால் என்னவென்று மதுமதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனியிலேயே கை தேர்ந்த டெய்லரைத் தனியாக உட்கார வைத்து, நல்ல துணியில், நூல் பிசிறில்லாமல் ஒரே ஒரு பீஸ் தைத்து, அயர்ன் செய்து, கவரில் போட்டு அனுப்புவார்கள். பையர் தடவிப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டரைக் கொடுப்பான். மொத்தச் சரக்கின் லட்சணம் வேறு கதை. அந்த வேலையையே பிழைப்பாகச் செய்கிறவளுக்கு எவனோ ஒரு சாம்பிள் அனுப்பினான். அவளும் தடவிப் பார்த்துவிட்டு, வீரபாண்டியில் வீட்டுமனைக்காகச் சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கணவனுக்குத் தெரியும். எவ்வளவு என்று மட்டும் தெரியாது.

இப்போது அவள் கணக்கில் மூவாயிரம் காயின். எடுக்கத்தான் முடியாது. எடுக்க வேண்டுமானால் தனக்குக் கீழே பணம் கட்ட இரண்டு ஆள்களை, ஒரு வலது கால், ஓர் இடது கால் என்று, சேர்க்க வேண்டும். வலது காலாக அவள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் முருகேஷ் மஞ்சள் பையோடு வந்திருந்தான். இடது காலாக அவள் அழைத்து வந்தது ஜனனியை, கணவனின் தங்கையை. ஜனனிக்குக் காதர்பேட்டைப் பனியன் சந்தையில் கடை. ஏற்றுமதியில் கழித்துப் போட்ட சரக்கை மூட்டையாக வாங்கி மூட்டையாக விற்பவள்.

“நங்கையா, என்னைய எந்தக் காலுன்னீங்க?” என்று தன் அண்ணியைக் கேட்டாள் ஜனனி, கேசரியை வழித்துக்கொண்டே.

“இடது கால். மெல்லப் பேசு.”

“முருகேஷண்ணன் வலது காலு. அப்ப தல?”

“தரணி சார்.”

“அதான பாத்தேன். காலு ரெண்டும் நடந்து சம்பாரிக்கும், தல உக்காந்து திங்குமாக்கு.”

பின்வரிசையிலிருந்து கிட்டுசாமி என்ற பெரியவர் தலையை நீட்டினார். ஒரு காலத்தில் ஈமு கோழி வளர்த்துக் கோடீஸ்வரர் ஆகப் பார்த்தவர்.

“அப்பிடிச் சொல்லாத கண்ணு. ஈமு கோழிக்கு நான் தீனி போட்டே அழிஞ்சேன். இந்தச் சேவலு தீனியே கேக்கறதில்ல.”

“முட்டையும் போடறதில்லீங்களே அய்யா?”

“சேவலு எங்காச்சும் முட்டை போடுமா?” என்றார் கிட்டுசாமி. சொன்ன பிறகு அவரே கொஞ்ச நேரம் யோசனையில் ஆழ்ந்தார். அதற்குள் அந்தத் தலையான தரணீதரன் மேடையேறிவிட்டதால் அந்த யோசனை அங்கேயே நின்றுபோனது.

வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் நாடி பார்க்கும் கடிகாரம். குரல் மட்டும் வெண்ணெய்.

“இது ஆள் சேக்கற எம்.எல்.எம். இல்லீங்க. இது குடும்பமுங்க. பேங்குல போட்டா வருசத்துக்கு ஏழு பர்சென்ட். நம்ம சேவலு மாசத்துக்குப் பத்து. கேரண்டிங்க! உலகத்துலயே காயின் இவ்வளவுதான், இன்னிக்கோட முடியுது.”

போன மாதமும் அன்றோடுதான் முடிந்தது.

“அடுத்த மாசம் எக்ஸ்சேஞ்சுல லிஸ்ட் ஆவுது. ஆயிரம் ரூபா, எழுதி வெச்சுக்கங்க.”

தீபாவளியிலிருந்தே அது அடுத்த மாதம்தான். பக்கத்துச் சீட்டு அம்மாள் மறுபடியும் எழுதி வைத்துக்கொண்டாள்.

பிறகு மேடையிலிருந்தே ஒரு காயினைக் கிட்டுசாமியின் கைபேசிக்கு அனுப்பினார். கொக்கரக்கோ! “பாத்தீங்களா? என்ற போன்லருந்து அய்யா போனுக்கு ஒரே நொடி. மேனேஜர் கையெழுத்து வேணுமா? லீவு நாளு உண்டா?” கிட்டுசாமி எழுந்து கும்பிட்டார்.

அடுத்தது பூக் கேட்பது. கிணறு வெட்டுவது முதல் பெண் பார்ப்பது வரை அந்தப் பக்கத்தில் சாமியிடம் பூக் கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பொறு. தரணீதரனின் கூட்டங்களில் இதில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பணம் போடலாமா என்று கேட்டால் எப்போதும் வெள்ளை. எடுக்கலாமா என்று கேட்டால் எப்போதும் சிவப்பு. முருகனுக்கும் கம்பெனி பாலிசி மனப்பாடம்!

அன்றும் வெள்ளை வந்தது. கூட்டம் பணம் கட்டும் மேசையை நோக்கி எழுந்தது. முருகேஷ் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி மதுமதியிடம் வந்தான்.

“மேடம், கட்டீரட்டுங்களா? ஊட்டுக்காரி நகை பூராத்தையும் அடகு வெச்சு வந்திருக்கறனுங்க. நீங்க ஓகேன்னு ஒரு வார்த்த சொல்லீட்டாப் போதும். நீங்க ஓகே பண்ணாத பீஸை நான் வெட்டுனதே இல்லீங்க.”

நாள் முழுக்க அவள் வாயில் புழங்குகிற வார்த்தைதான். இப்போது அதைச் சொல்ல வரவில்லை. இவன் கட்டினால் தன் பணம் வெளியே வரும். கட்டாவிட்டால் வராது. அவ்வளவு தெளிவாக மனம் அதைச் சொன்னபோது, தன் மனம் யாருடைய குரலில் பேசுகிறது என்று மதுமதிக்குக் கூச்சமாக இருந்தது.

“ஒரு நிமிஷம் இருங்க முருகேஷ்” என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தில் ஜனனி எழுந்துவிட்டாள்.

“ஏனுங்க சார், ஒரு சந்தேகமுங்க. இன்னிக்கு ரேட்டு என்னங்க?”

“நானூத்தி இருவது, சிஸ்டர்.”

“அடுத்த மாசம் ஆயிரம். எங்க நங்கையாகிட்ட மூவாயிரம் இருக்குதுங்க. இருநூறுக்குத் தர்றோம், நீங்களே வாங்கிக்கங்க. ஒரே நொடியில மாத்தி உட்டுர்றோம்.”

“ஜனனி!” மதுமதி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். இழுபடவில்லை.

தரணீதரன் சிரித்தார். “சிஸ்டர் தமாஸ் பண்றாங்க. கம்பெனி திருப்பி வாங்கறது பாலிசி இல்லீங்க.”

“கம்பெனி வேண்டாங்க. நீங்க வாங்குங்க. ஆயிரத்துக்குப் போற சரக்கு இருநூறுக்கு வந்தா உடுவாங்களா? சரி, நூறு. ஆவாதா? அம்பது?”

“நான் லாபத்துக்காக இதப் பண்ணலீங்க. இது சேவைங்க.”

“அப்ப எங்க நங்கையாளுக்கு ஒரு சேவை பண்ணுங்க, ஐநூறுக்கு வாங்குங்க!”

யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜனனி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். காதர்பேட்டைக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

“ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா இருக்கற பனியனைக்கூட நான் வித்திருக்கறனுங்க. பாதி விலைன்னா அதுக்கும் கல்கத்தாவுலருந்து ஒரு ஆளு வருவான். பாதி விலைக்கும் ஆளில்லாத சரக்க நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். இங்க யாராச்சும் வாங்கறீங்களா? கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை.

“சரி, வித்தாப் போதும்னு இருக்கறவங்க?”

முதலில் கிட்டுசாமியின் கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. பிறகு எழுதி வைத்துக்கொண்ட அம்மாளின் கை. பிறகு வரிசை வரிசையாக. தூக்கிய கைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இத்தனை நாளும் அடுத்தவன் வாங்குவான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த அடுத்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே கனவைத்தான் கண்டுகொண்டிருந்தான்.

தரணீதரன் சளைக்கவில்லை. திருநீறு வைத்த நெற்றி எதற்கு இருக்கிறது?

“மனுசனுக்கு மனுசன் எதுக்குங்க வாக்குவாதம்? முருகனக் கேப்போம். மதுமதி சிஸ்டர், உங்க காயின்தான, நீங்களே வாங்க. விக்கலாமா வேண்டாமான்னு அவரே சொல்லட்டும்.”

மைக்கில் தன் பெயர். அந்த நேரத்திலும் அது இனித்தது. அதுதான் அவளுக்குப் பிறகு நினைக்க நினைக்கக் கசந்தது. தட்டில் புதிதாய் இரண்டு பொட்டலங்கள் வந்தன. கண்ணை மூடினாள், ஒன்றை எடுத்தாள், பிரித்தாள். செவ்வரளி.

“பாத்தீங்களா! உத்தரவு இல்ல!”

மண்டபம் மொத்தமாக மூச்சு விட்டது. கைகள் இறங்கின. மதுமதிக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. நல்லவேளை, இனி நான் யோசிக்க வேண்டாம். அந்த நிம்மதி எவ்வளவு சுகமாக இருந்ததென்றால், அவளுக்குப் பயம் வந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள் வந்தேன்? சால்வைக்கும் இல்லை, பணத்துக்கும் இல்லை, இந்தச் சுகத்துக்கா?

பெட்டியில் மேலாக இருக்கும் ஒரு பீஸை மட்டும் பார்த்து அவள் எந்தச் சரக்கையும் அனுப்பியதில்லை. கை தானாக இரண்டாவது பொட்டலத்துக்குப் போனது.

தரணீதரனின் கை அதன்மேல் வந்து விழுந்தது. “அத எடுக்கப்படாதுங்க சிஸ்டர். சாமி குத்தமாயிரும்.”

அதுவரை அவளுக்குச் சந்தேகம்தான். அந்தக் கை விழுந்ததும் சந்தேகம் தீர்ந்தது. நல்ல சரக்கு வைத்திருப்பவன் பெட்டியைத் திறக்காதே என்று எங்கே கையைப் பிடித்திருக்கிறான்? அவர் விரல்களை விலக்கினாள். பொட்டலத்தைப் பிரித்தாள். கூட்டத்துக்குத் தெரியும்படி உள்ளங்கையை உயர்த்தினாள்.

“இதும் சிவப்புத்தானுங்க” என்றாள் மைக்கில்.

சரியாக அந்த நேரத்தில்தான், ஐம்பது ரூபாய்க்குக்கூட ஆள் கிடைக்காத அந்த மண்டபத்தில், எல்லாக் கைபேசிகளும் ஒன்றாகக் கூவின.

கொக்கரக்கோ.

நானூற்று ஐம்பது. விலை ஏறியிருந்தது.

இந்தத் தடவை யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. “அட, வாங்க ஒருத்தனும் இல்ல, எவன்டா ஏத்துனது?” என்று கிட்டுசாமி கத்தினார். தரணீதரன் சர்வர் கோளாறு என்றார். பிறகு துபாயிலிருந்து போன் என்றார். பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாகப் பேசிக்கொண்டே போனார். காதில் வைத்திருந்த அந்தப் போனும் கூவிக்கொண்டேதான் போனது. வெளியே போய்ப் பார்த்தவர்கள், பேனரில் இருந்த காரில் அவர் போகவில்லை, ஒரு பழைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனார் என்றார்கள். அன்று கட்டியவர்கள் மேசையைச் சுற்றி நின்று தங்கள் பணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். முன்பே கட்டியவர்கள் மேசையை மட்டும் உடைத்தார்கள்.

மேடைப் படியில் முருகேஷ் பையோடு நின்றான்.

“அப்ப ஓகே இல்லீங்களா மேடம்?”

“ரிஜெக்ட், முருகேஷ். என்ற பணம் போச்சு. நீங்க நேரா அடகுக் கடைக்குப் போய் நகையத் திருப்பீட்டு ஊட்டுக்குப் போங்க.”

சொல்லிவிட்டு அவள் படியிலேயே உட்கார்ந்தாள். மனையும் போனது, இன்று கணவனிடம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதும் வந்தது. ஜனனி பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“அண்ணங்கிட்ட நானும் வர்றேனுங்க நங்கையா. போற வழியில போலீஸ் ஸ்டேசன்லயும் ஒரு மனு குடுத்துருவோம்.”

“அந்த மூவாயிரத்த நீ வாங்கிக்கறியா? பத்து ரூபா?”

“சும்மா குடுத்தாலும் வேண்டாங்க. காலங்காத்தால கூவும்.”

இருவரும் சிரித்தார்கள். மதுமதிக்குச் சிரிப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் அழுகையும் வந்தது.

சில வாரங்கள் கழித்து, கட்டிங் செக்‌ஷனில் யாரோ ஒருவரின் பையில் சேவல் கூவியது. முருகேஷ் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். முகத்தில் லேசான ஒரு வருத்தம்.

“மேடம், சொன்ன மாதிரியே ஆயிரம் ஆயிருச்சுங்களாம்!”

“அப்பிடியா? யாருக்கு வித்தாங்களாம்?”

முருகேஷ் யோசித்தான். யோசித்துக்கொண்டே கத்தரியை எடுக்கப் போனான்.

நீங்களும் யோசியுங்கள். ஏறிக்கொண்டே போகிற எதையாவது யாராவது உங்கள் தலையில் கட்ட வந்தால், அதையே அவரிடம் பாதி விலைக்கு விற்றுப் பாருங்கள். பணத்தை நீட்டினால் அது சரக்கு. சாமியை நீட்டினால், தயவுசெய்து இரண்டாவது பொட்டலத்தையும் பிரியுங்கள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. கோபம் வருவது பொட்டலம் கட்டியவனுக்குத்தான்.