ரோட்டரிக்கு வெள்ளைப் பூ, பிஸ்டனுக்குச் சிவப்புப் பூ

பெருமாநல்லூர்,
20-10-2006

அன்பு மகள் ஜெயபாரதிக்கு அப்பா சென்னிமலை எழுதுவது. இங்கு அனைவரும் நலம், ஏசியும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகன் துணை. இதை யாரும் எழுதித் தரவில்லை கண்ணு, மூன்று நாளாக நானே எழுதுகிறேன். படிக்கும்போது அவசரப்படாதே.

வீட்டுக்குக் கீழே உன் அண்ணன் செந்தில்வேலின் கம்பெனியில், சாம்பிள் ரூமில் இருந்த பனியனெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் பதினைந்தாம் தேதி வருவதாக இருந்தது, சாம்பிள் நாறினால் ஆர்டர் போச்சு, நாற்பது பேர் வேலையும் போச்சு. மழைக்காலம், காற்றில் ஈரம், ஏசிதான் வழி என்றான் அண்ணன். கடைக்காரர் சும்மா இராமல் ரோட்டரி கம்ப்ரசரா பிஸ்டன் கம்ப்ரசரா என்று கேட்டுவிட்டார். ரோட்டரி சத்தம் போடாதாம், பிஸ்டன் கரண்ட் ஏறி இறங்கினாலும் தாங்குமாம். துணி பின்னும் நிட்டிங் மாஸ்டர் ராஜபாண்டி, நமக்குச் சோறு போடுவதே சுற்றுகிற மெஷின்தான், அதனால் ரோட்டரி என்றார். உன் அண்ணி அபிராமி பிஸ்டன் கட்சி. பத்து நாள் பேச்சு, அதற்குள் இன்னொரு கட்டுச் சாம்பிளும் நாறிப்போனது. கடைசியில் பட்டம் வாங்கிய உன் அண்ணன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டான். ரோட்டரிக்கு வெள்ளை, பிஸ்டனுக்குச் சிவப்பு. முருகன் எந்த மெக்கானிக்கிடம் விசாரித்தாரோ, வெள்ளை வந்தது.

ஏசி மாட்டிய மறுநாளே சாம்பிள் ரூம் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஏசிக்கு நேர் கீழே அயர்ன் டேபிள். தேய்ப்பு வேலை பார்க்கும் மயிலாள் காலையிலிருந்து புஸ் புஸ் என்று ஆவி விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்புள்ள, இந்த ஆவியெல்லாம் எங்க போகுது?"

"எங்கீங்கய்யா போகும், கதவுதான் சாத்தியிருக்குதே. இங்கயேதானுங்க சுத்துது. எனக்குக் கம்ப்ரசர் பத்தித் தெரியாதுங்களா, அதான் வாயே தொறக்கலீங்க."

அன்றே டேபிளை வெளியே எடுத்தோம். புதுச் சாம்பிள் தைத்து வைத்தோம், பையர் மோந்து பார்த்துத் தலையாட்டினார், ஆர்டர் வந்தது. இப்போது உன் அண்ணன் ஊரெல்லாம் ரோட்டரியின் பெருமையைப் பேசுகிறான். நானும் ஆமாம் போடுகிறேன். படித்த பிள்ளை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் நல்ல காற்று வீசட்டும்.

இப்படிக்கு,
அப்பா சென்னிமலை (கையெழுத்தும் நானே)

பின்குறிப்பு: இடமில்லை என்று அந்த டேபிளை என் அறையில் போட்டுவிட்டார்கள். ஒரே ஆவி. என் அறைக்கு ரோட்டரி நல்லதா பிஸ்டன் நல்லதா, மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. பின்பக்கத் தாழ்வாரம் காலியாகக் கிடக்கிறது, டேபிளை அங்கே போட்டால் போதும் என்கிறாள் மயிலாள். ஏசி மாட்டும்வரை அதை யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.